காந்தியடிகளும் பிடிலும்

மகாத்மா காந்தியடிகளின் வரலாற்றை அறியாதார் நம் கல்லூரியில் ஒருவரும் இரார். ஆயினும் அவ்வரலாற்றில் மூன்று திங்களே நீடித்த சிறு பகுதி ஒன்றுண்டு. நூலாசிரியர் பலரும் அதனை நகைப்புக்குரியதோர் இளமைப் பிழையென இரண்டொரு வரிகளிற் கூறிக் கடந்து செல்வர். அடிகள் தம் பத்தொன்பது வயதில் இலண்டன் மாநகரிற் பிடில் பயிலத் தொடங்கி, விரைவில் அதனைக் கைவிட்டார் என்பதே அது. யானும் ஏறக்குறைய அதே வயதிற் பிடிலைக் கையிலெடுத்தவன். ஆலயத்துப் பாடகர் குழுவிற்குத் துணையாக வாசிக்கவேண்டும் என்பது என் ஆசை. இன்றளவும் அது ஆசையாகவே இருக்கின்றது. என் வில் எழுப்பும் ஓசையைப் பொறாத அறைத்தோழர் ஒருவர், காந்தியே மூன்று மாதத்தில் விட்டுவிட்ட காரியம் உனக்கு எதற்கு என்று ஒருநாள் வினவினார். எனக்கு விடை தோன்றவில்லை. அடிகளின் சத்திய சோதனையை எடுத்து அப்பகுதியையும் அதனைச் சூழ்ந்தவற்றையும் மீண்டும் படித்தேன். அதன் பயனாக எழுந்தது இக்கட்டுரை.

மோகன்தாஸ் கரம்சந்த் காந்தி 1869-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள் கத்தியவாரைச் சார்ந்த போர்பந்தரிற் பிறந்தார். தந்தையார் சமஸ்தான திவான். அன்னையார் புத்லிபாய் நோன்பிற் சிறந்தவர். பதின்மூன்று வயதில் மணம் முடிந்தது. தந்தையார் மறைந்தபின், குடும்பத்தின் நிலையைத் தாங்கப் பாரிஸ்டர் பட்டமே வழி என்று நண்பர் கூற, சீமைப் பயணம் உறுதியாயிற்று. மதுவும் மாதரும் புலாலும் தீண்டேன் என்று ஒரு சமணத் துறவியின் முன்னிலையிற் சபதம் செய்துகொடுத்த பின்னரே அன்னையார் விடை கொடுத்தார். பம்பாயிலிருந்த சாதித் தலைவரோ, கடல் கடந்து செல்பவனைச் சாதியினின்றும் நீக்கினோம் என்றும், அவனை வழியனுப்பத் துறைமுகம் செல்வோர்க்கு ஒன்றேகால் ரூபாய் அபராதம் என்றும் விதித்தார். மோகன்தாஸ் அஞ்சவில்லை. மனைவியையும் சில மாதமே நிரம்பிய மகவையும் விட்டு 1888-ஆம் ஆண்டு செப்டம்பர் 4-ஆம் நாள் கப்பலேறினார்.

இலண்டனில் அவர் பட்ட முதல் துன்பம் நாணம். வெள்ளைக் கம்பளியுடை நல்லுடையென்று எண்ணி அதனை உடுத்தி இறங்கினார். கரையில் அவ்வாறு உடுத்தியவர் தாம் ஒருவரே எனக் கண்டு குன்றினார். தம்மைக் காணவந்த டாக்டர் மேத்தாவின் பட்டுத்தொப்பியை ஆவலோடு தடவிப் பார்த்தார். தடவிய கை எதிர்ப்புறமாகச் சென்றமையால் அதன் மென்மயிர் கலைந்தது. மேத்தா சினந்து நோக்கினார். பிறர் பொருளைத் தொடாதே, உரக்கப் பேசாதே என்பன போன்ற ஐரோப்பிய நடையொழுக்கத்தின் முதற்பாடம் அன்றே தொடங்கிற்று. உணவோ பெருந்தொல்லை. புலால் நீத்த இளைஞருக்கு உப்பும் உறைப்புமற்ற வெந்த கீரை எவ்வாறு இறங்கும்? நாடோறும் அரைவயிற்றுடன் எழுந்தார்.

பிடிலுக்குக் காரணமானது இவ்வுணவே என்றால் வியப்பாகத் தோன்றும். ஆயினும் உண்மை அதுதான். நண்பர் ஒருவர், மோகன்தாஸ் இச்சபதத்தால் உடலும் கெட்டு உயர்ந்தோர் கூட்டத்திலும் பழகவியலாது போவாரே என்று வருந்தி, ஒருநாள் மாலை நாடகத்துக்கு அழைத்தார். அதற்குமுன் ஹோல்பர்ன் என்னும் பேருணவகத்தில் விருந்து. முதலில் ரசம் போன்றதொரு வடிநீர் வந்தது. அதில் இறைச்சி உண்டோ என்று நண்பரைக் கேட்க அஞ்சிப் பணியாளனை அழைத்து வினவ முயன்றார் மோகன்தாஸ். நண்பருக்குச் சினம் மூண்டது. நாகரிகமுள்ள கூட்டத்திற்கு நீர் தகுந்தவரல்லர். வேறிடத்தில் உண்டு எனக்காக வெளியில் நில்லும் என்னும் கருத்துப்படக் கடிந்தார். மோகன்தாஸ் எழுந்து வெளியேறினார். அருகிலிருந்த மரக்கறி உணவகம் பூட்டிக் கிடந்தது. அவ்விரவு பட்டினியோடு நாடகம் பார்த்தார். நண்பரும் அதுபற்றிப் பின்னர் ஒரு சொல்லும் பேசவில்லை.

ஆனால் அந்த இரவே மோகன்தாஸின் உள்ளத்தில் ஒரு தீர்மானம் பிறந்தது. புலாலை உண்ணப்போவதில்லை, அக்குறையை ஈடுசெய்யக் கனவானுக்குரிய பிற கலைகளையெல்லாம் கற்றுவிடுவது. பம்பாயில் தைத்த உடைகள் தகுதியற்றன என்று ஒதுக்கப்பட்டன. பத்தொன்பது ஷில்லிங் கொடுத்து நீண்டுயர்ந்த தொப்பியொன்று வாங்கினார். பாண்டுத் தெருவிற் பத்துப் பவுன் செலவிட்டு மாலைநேர உடுப்புத் தைத்துக்கொண்டார். இந்தியாவிலிருந்த தமையனாருக்கு எழுதிக் கடிகாரத்துக்கு இரட்டைப் பொற்சங்கிலி வருவித்தார். டை கட்டும் வித்தையைத் தாமே பயின்றார். நாட்டில் நாவிதன் வரும் நாளில் மட்டும் கண்ணாடி பார்த்தவர், நாள்தோறும் பத்து நிமிடம் ஆளுயரக் கண்ணாடிமுன் நின்று தலைவாரினார். கனவானுக்கு நடனமும் பிரெஞ்சு மொழியும் சொற்பொழிவுப் பயிற்சியும் வேண்டுமென்று யாரோ கூறினர். மூன்று பவுன் கட்டி நடனவகுப்பிற் சேர்ந்தார். மூன்று வாரத்தில் ஆறு பாடங்கள் ஆகியும் காலும் தாளமும் ஒன்றுபடவில்லை. பியானோ ஒலிப்பதைக் கேட்டு அதன் லயத்தை உணரவே அவர் செவி அறியவில்லை.

இங்கேதான் பிடில் வருகின்றது. கோவணத்தைக் கடித்த எலிக்குப் பூனை, பூனைக்குப் பால், பாலுக்குப் பசு, பசுவுக்கு இடையன் என்று குடும்பம் பெருக்கிய சந்நியாசியின் கதையைத் தம் நிலைக்கு அவரே உவமை காட்டுகின்றார். கனவானாக நடனம், நடனத்துக்குத் தாளம், தாளத்துக்கு மேனாட்டு இசை, அவ்விசையைச் செவிக்குப் பழக்கப் பிடில். மூன்று பவுனுக்கு ஒரு பிடில் வாங்கினார். கற்பிக்க ஓர் அம்மையார் கிடைத்தார். அவருக்குரிய கட்டணம் வேறு.

பிடிலைத் தொடாத அன்பர்க்கு ஒரு சொல். வீணையில் விரல் அழுத்துமிடத்தைக் காட்ட மெட்டுக்கள் உண்டு, பிடிலில் ஒன்றுமில்லை. வழவழப்பான கரும்பலகை, அதன்மேல் நான்கு தந்திகள். விரல் ஒரு நெல்லளவு விலகினும் சுரம் பிறழும். பிறழ்ந்தது என்பதை அறியச் செவி முன்னரே பழகியிருத்தல் வேண்டும். செவி பழகப் பிடிலை வாசிக்கவேண்டும். பிடிலை வாசிக்கச் செவி பழகவேண்டும்! சிறுபிள்ளைகள் இவ்விடரை உணராமலே கடந்துவிடுவர். வளர்ந்தவனோ ஒவ்வொரு பிழையையும் கேட்டு நாணுகின்றான். இடக்கை விரல்களைக் கவனித்தால் வலக்கை வில் கோணுகின்றது. வில்லைக் கவனித்தால் விரல் வழுவுகின்றது. மேனாட்டு இசையைக் கேட்டேயறியாத இளைஞர், பிடில் வழியாக அதனைக் கேட்கக் கற்க எண்ணியது எத்துணைக் கடினமான வழியென்பதை யான் என் தோள்வலியால் அறிவேன்.

மூன்றாவதாகச் சொற்பொழிவுக்கு ஓர் ஆசிரியர். ஒரு கினி முன்பணம் பெற்றுக்கொண்டு பெல் என்பவர் எழுதிய பாடநூலை வாங்கப் பணித்தார். பிட் என்னும் அரசியலறிஞரின் பேச்சொன்றோடு பாடம் தொடங்கிற்று. பெல் என்னும் ஆங்கிலச் சொல்லுக்கு மணி என்பது பொருளன்றோ? அம்மணியே தம் காதில் எச்சரிக்கையாக ஒலித்தது என்று அடிகள் சிலேடையாகக் கூறுவர். வாழ்நாள் முழுதும் இங்கிலாந்தில் தங்கப்போவதில்லையே, இச்சொற்பொழிவு எதற்கு? நடனம் ஒருவனை எங்ஙனம் கனவானாக்கும்? பிடிலையோ இந்தியாவிலும் கற்கலாமே. தாம் மாணவர், கற்கவந்த கல்வியைக் கற்பதே கடன். ஒழுக்கம் தம்மைக் கனவானாக்குமாயின் நன்று. இல்லையேல் அவ்வாசை ஒழியட்டும் என்று துணிந்தார்.

சொற்பொழிவு ஆசிரியருக்குக் கடிதம் எழுதி நின்றுகொண்டார். நடன ஆசிரியருக்கும் அவ்வாறே ஒரு கடிதம். பிடில் கற்பித்த அம்மையாரிடம் மட்டும் நேரிற் சென்றார். கிடைத்த விலைக்கு இப்பிடிலை விற்றுத் தரவேண்டும் என்று வேண்டினார். அம்மையார் அவரிடம் அன்பு பூண்டவராதலின், பொய்யானதொரு குறிக்கோளைப் பின்பற்றியதைத் தாம் எவ்வாறு கண்டுகொண்டார் என்பதை அவரிடம் மறையாது கூறினார். வழியை முற்றிலும் மாற்றிக்கொள்வதென்ற அத்துணிவை அம்மையார் ஊக்கினார். தம் மாணவரை இழந்து அவருக்குத் துணிவூட்டிய அவ்வாசிரியையின் பெயரை நூல் கூறவில்லை. கூறாவிடினும், அடிகளின் வரலாற்றில் வரும் நல்லாசிரியர் வரிசையில் அவருக்கும் ஓரிடம் உண்டென்றே கருதுகின்றேன்.

அடிகள் செய்தது சரியே. ஆயினும் பிடில் செய்த குற்றம் யாது? தொப்பியோடும் பொற்சங்கிலியோடும் அதனையும் ஓர் அணிகலனாகச் சேர்த்தெண்ணிய எண்ணமன்றோ குற்றம்? அவரும் இதனை அறிந்தே பிடிலை இகழவில்லை. இந்தியாவிற் கற்கலாம் என்றார். அது வெறும் ஆறுதலுமன்று. முத்துசுவாமி தீட்சிதரின் இளவலாகிய பாலுசுவாமி தீட்சிதரும், தஞ்சை நால்வருள் ஒருவராகிய வடிவேலுவும் தமிழ்நாட்டில் அதனை நம் இசைக்குரியதாக்கிப் பல்லாண்டுகள் ஆகியிருந்தன. இலண்டனில் நின்றுகொண்டு மோவாயில் இடுக்கி வாசிக்க முயன்ற அக்கருவியை, அதே காலத்தில் தஞ்சையில் தரையிலமர்ந்து மார்புக்கும் கணைக்காலுக்கும் இடையே நிறுத்திக் கமகம் பொழிய வாசித்துக்கொண்டிருந்தனர்.

இதன்பின் இலண்டன் வாழ்வு வேறாயிற்று. ஒவ்வொரு காசுக்கும் கணக்கெழுதினார். ஓரறைக்குக் குடிமாறித் தாமே கூழ் சமைத்தார். வண்டிச்செலவை நீக்கி நாளுக்கு எட்டுப்பத்து மைல் நடந்தார். மெட்ரிகுலேஷன் தேர்வில் இலத்தீன் பாடத்தில் முதன்முறை தவறி மறுமுறை தேறினார். 1891-ஆம் ஆண்டு ஜூன் 10-ஆம் நாள் பாரிஸ்டரானார். 12-ஆம் நாள் தாய்நாட்டுக்குக் கப்பலேறினார்.

1893-இல் தென்னாப்பிரிக்கா சென்றார். மறு ஆண்டு, டர்பனில் அவர் தொழில் தொடங்கிய சில மாதங்களில், கந்தலாடையும் கையிற் பிடித்த தலைத்துணியும் முன்பற்கள் இரண்டு உடைந்து குருதி ஒழுகும் வாயுமாகத் தமிழர் ஒருவர் வந்து நடுங்கி நின்றார். அவரே பாலசுந்தரம் என்னும் ஒப்பந்தக் கூலியாள்; அவரை அடித்தவர் அவருடைய வெள்ளைக்கார முதலாளி. அவர் கூறியதை அடிகளுக்கு விளக்கியவர் அலுவலகத்திலிருந்த தமிழ் எழுத்தர். வெள்ளையர்முன் செல்கையில் தலைப்பாகையை அகற்றும் வழக்கத்தைத் தம்மிடத்தும் அவர் கைக்கொண்டது கண்டு அடிகள் வருந்தி, அதனைக் கட்டிக்கொள்ளச் செய்தார். வேறொரு நல்ல முதலாளியிடம் அவரை மாற்றுவித்தார். அச்செய்தி பரவவே தமிழ்த் தொழிலாளர் அடிகளைத் தம்மவராகக் கொண்டனர். தம்மை நாடிவரும் எளியோரின் மொழி தமக்குத் தெரியாதே என்னும் குறை அடிகளை வாட்டியது.

1896-இல் இந்தியாவுக்குத் திரும்பும் கப்பலில், இருபத்துநான்கு நாள் பயணத்தில், ஆசிரியர் துணையின்றி ஒரு நூலை வைத்துக்கொண்டு தமிழ் கற்கலானார். அப்போது அவருக்கு வயது இருபத்தாறு. பின்னர்த் தென்னாப்பிரிக்கச் சிறைகளிலும் கற்றார். எம்போன்ற தமிழ் மாணவர்க்கு உவகை தரும் செய்தி, அவர் பயின்றது நம் போப்பையர் இயற்றிய தமிழ்க் கைந்நூல் என்பது. இளம் மோகன்தாஸ் இலண்டனில் மூன்று பவுனுக்குப் பிடில் வாங்கிய நாட்களில், போப்பையர் ஆக்ஸ்போர்டிலே தமிழாசிரியராக அமர்ந்திருந்தார். இருவரும் அன்று ஒருவரையொருவர் அறியார்.

இங்கும் முன்போலவே வளர்ந்தவன் படும் பாடு முழுவதும் இருந்தது. அந்நூலைத் தாண்டி அவர் தமிழ் செல்லவில்லை, பேச்சுத்தமிழ் கைகூடவேயில்லை. ஆனால் இம்முறை அவர் விடவில்லை. ஜோகன்னஸ்பர்க்குக்கு அருகில் 1910-இல் டால்ஸ்டாய் பண்ணை அமைந்தபோது, அங்கிருந்த தமிழ்ச் சிறுவர்க்குத் தமிழாசிரியர் அவரே! தென்னாப்பிரிக்காவிற் பிறந்த அப்பிள்ளைகள் வீட்டில் ஓரளவு தமிழ் பேசுவர், எழுத்து அறியார். அடிகளோ எழுத்தறிவார், பேச அறியார். எனவே எழுத்தும் இலக்கணத் தொடக்கமும் அவர் கற்பித்தார். ஆங்கிலம் தெரியாத தமிழர் எவரேனும் வந்துவிட்டால், மாணவர்களே ஆசிரியர்க்கு மொழிபெயர்த்துக் கூறினர். தம் அறியாமையை அவர்களிடம் ஒருநாளும் மறைத்ததில்லை. அதனாலேயே இடரின்றிக் கற்பித்தேன் என்பது அவர் கருத்து. ஹோல்பர்ன் உணவகத்தில் ஒரு கேள்வி கேட்கக் கூசியவர், தம்மினும் நன்கு தமிழ் பேசும் சிறுவர்முன் கரும்பலகையருகே நிற்கக் கூசவில்லை. இவ்விரு காட்சிகளுக்கும் இடைப்பட்டது ஏறத்தாழ இருபத்திரண்டு ஆண்டுகள்.

இசையும் இதற்குள் வேறொரு வாயிலாக அவரிடம் வந்திருந்தது. 1908-ஆம் ஆண்டு பிப்ரவரி 10-ஆம் நாள், அரசாங்கத்தோடு செய்துகொண்ட உடன்பாட்டின்படி பெயர் பதியச் செல்கையில், அவ்வுடன்பாட்டைத் துரோகமென்று கருதிய மீர் ஆலம் முதலியோர் அவரை வழியில் மடக்கி அடித்து வீழ்த்தினர். ஜோசப் டோக் என்னும் பாப்திஸ்து போதகர் அவரைத் தம் இல்லத்துக்குக் கொண்டுசென்றார். காயங்களைத் தைத்த மருத்துவர், பேசலாகாது எனத் தடுத்திருந்தார். அந்நிலையில் அடிகள், போதகரின் சிறுமகள் ஆலிவ் தமக்கு விருப்பமான ஒரு கீதத்தைப் பாடவேண்டும் என்று எழுதிக் காட்டினார். நியூமன் இயற்றிய ‘லீட், கைண்ட்லி லைட்’ என்பது அக்கீதம். போதகர் சைகையால் மகளை அழைக்க, அவள் வாயிலில் நின்று மெல்லிய குரலிற் பாடினாள். பியானோவின் லயம் பிடிபடாத செவி அன்று எதனைக் கேட்டதோ, அந்தக் காட்சி தம் நினைவைவிட்டு அகலவில்லை என்பதை அடிகள் பின்னாளில் உருக்கத்தோடு எழுதினார்.

மூன்றாவதாக அவர் கற்றது இராட்டை. இந்திய வறுமைக்கு மருந்து அதுவே என 1909-இல் நூல் எழுதியபோது, கைத்தறியையோ இராட்டையையோ அவர் கண்ணாற் கண்டதாக நினைவில்லை. கங்காபென் என்னும் அம்மையார் குஜராத்து முழுதும் தேடி, பரோடா நாட்டு விஜாப்பூரில், வீடுகளிற் கிடந்த பழைய இராட்டைகளைக் கண்டுபிடித்தார். அடிகள் நூற்கத் தொடங்கியபோது அவருக்கு ஐம்பது வயது அணுகிக்கொண்டிருந்தது. பிடில்போலவே இதற்கும் இரு கைகளும் இருவேறு வேலை செய்தல் வேண்டும். வலக்கை சக்கரத்தைச் சுழற்ற, இடக்கை பஞ்சிலிருந்து இழையை இழுக்கும். இழுப்பு மிகின் அறும். குறையின் முறுக்கு ஏறித் திரளும். பழகாத கையில் இழை அறுந்துகொண்டேயிருக்கும். பம்பாயில் நோயுற்றுக் கிடந்தபோது தம் அறையில் அச்சக்கரம் எழுப்பிய ரீங்காரம் தம்மைக் குணப்படுத்தியதிற் பெரும்பங்கு கொண்டது என்றார் அடிகள். இப்பயிற்சியை அவர் இறுதிவரை விடவில்லை. 1921-ஆம் ஆண்டு செப்டம்பர் 22-ஆம் நாள் நம் மதுரையில் முழவுடையையும் நீத்து அரைவேட்டி பூண்டார். பத்துப் பவுன் உடுப்பு அணிந்த இளைஞரின் உடைவரலாறு அங்கு முடிந்தது.

சபர்மதி ஆசிரமத்தில் இசைக்கென்றே ஒருவர் இருந்தார். விஷ்ணு திகம்பர் பலூஸ்கரின் மாணவராகிய நாராயண மோரேஷ்வர் கரே. காலையும் மாலையும் வழிபாட்டிற் பாட்டு உண்டு. 1948-ஆம் ஆண்டு ஜனவரி 30-ஆம் நாள் தில்லியில் அடிகளைக் குண்டு வீழ்த்தியதும் அத்தகைய மாலை வழிபாட்டுக்கு, சிறிது பிந்திவிட்டோமே என்று விரைந்து நடக்கையிலேதான். முடிவை முந்திக் கூறிவிட்டேன். இன்னும் ஒரு நிகழ்ச்சி எஞ்சியுள்ளது.

ஆங்கிலக் கடற்படைத் தலைவரொருவரின் மகளாகிய மாடலின் ஸ்லேடு, பீத்தோவனின் இசையில் உயிரையே வைத்திருந்தவர். அவ்விசைஞரைப் பற்றி எழுதிய பிரெஞ்சுப் பேராசிரியர் ரோமன் ரோலந்தைத் தேடிச் சென்றார். ரோலந்தோ தாம் காந்தியைப் பற்றி எழுதியிருந்த சிறுநூலைச் சுட்டினார். பீத்தோவனைத் தேடிச் சென்றவர் 1925-ஆம் ஆண்டு நவம்பரில் சபர்மதி வந்து சேர்ந்தார். அடிகள் அவருக்கு மீரா எனப் பெயரிட்டார். 1931-இல் வட்டமேசை மாநாடு முடிந்து திரும்புகையில், அடிகள் மீராவோடும் பிறரோடும் ஸ்விட்சர்லாந்தின் வில்நெவ் என்னும் ஊரில் ரோலந்தின் இல்லத்தருகே சில நாட்கள் தங்கினார். புறப்படுமுன், பீத்தோவனை வாசித்துக் காட்டவேண்டும் என்று ரோலந்தை வேண்டினார். உடல்நலம் குன்றியிருந்த ரோலந்து பியானோவில் அமர்ந்து, ஐந்தாம் சிம்பொனியின் மெல்ல நடக்கும் பகுதியை வாசித்தார். பின்னர்க் குளுக் இயற்றிய ஆர்பியூஸ் நாடகத்திலிருந்து ஒரு பகுதியையும் வாசித்தார். மேனாட்டு இசையைக் கேட்கச் செவியைப் பழக்குவதற்காக மூன்று பவுன் செலவிட்டவர், நாற்பத்திரண்டு ஆண்டு கழித்து, குளிர்காலத்தில், கம்பளிப் போர்வையும் அரைவேட்டியுமாக அமர்ந்து அதனைக் கேட்டார். அதனைக் கேட்க அப்போது அவருக்குக் கனவானாக வேண்டிய தேவை இருக்கவில்லை.

இவ்வளவையும் ஒரு மாலையில் என் அறைத்தோழருக்குச் சொன்னேன். அவர் பொறுமையோடு கேட்டார். எல்லாம் கேட்டபின், நீ எதற்காகப் பிடில் கற்கின்றாய் என்று வினவினார். ஆலயத்தில் ஞானப்பாட்டுக்கு வாசிக்க என்றேன். அவர் சிறிது யோசித்து, இரவு எட்டு மணிக்குள் முடித்துவிடு என்று கூறித் தம் பாடத்தை எடுத்துக்கொண்டார்.